தூரம் சொல்லாத கண்

போர் விமானங்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் கோப்பாயில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் விரும்பமாட்டார்கள். குண்டு போடுகிற பொம்மருக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் ஒளித்து வளர்ந்த பிள்ளை, நாற்பது தாண்டிய வயதில் அதே சாதிச் சாமானை ரசித்து ரசித்து எழுதுகிறாள் என்றால் அவளுக்கு எங்கேயோ மரை கழன்றிருக்க வேண்டும். எனக்கும் அந்தச் சந்தேகம் இடைக்கிடை வருவதுண்டு. ஆனால் லண்டனிலிருந்து ஒருவர் தமிழில் போடும் காணொளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற இந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. அதை வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யலாம்.

வெளியே போகாமல் என்பதுதான் இதில் முக்கியமான சொல். அம்மா இறந்த அடுத்த வருடம் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதுவரை நான் ரியூட்டரிகளில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணை கனடாவில் குடும்பத்தோடு இருக்கிறார். கலியாணம் கட்டாத பெண் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அப்பாவை யார் பார்ப்பது என்று யாரும் கூடிக் கதைக்கவில்லை. கதைக்காமலே அது முடிவாகிவிட்டது. அப்பா பொல்லூன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அந்த முடிவு அப்படியே இருந்தது.

பிறகு கமரா வந்தது. அண்ணை அங்கிருந்து வாங்கி, வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். விறாந்தைச் சுவரில் உயரத்தில் பூட்டியபோது அது ஹோல் வாசலையும் முற்றத்தையும் கேற்றையும் ஒன்றாகப் பார்த்தது. ஒலிவாங்கியும் உண்டு, ஒலிபெருக்கியும் உண்டு. அதன் நெற்றியில் வெள்ளைக் குமிழ் ஒன்று இருந்தது. உடம்புச் சூடு அதன் முன்னால் அசைந்தால் அண்ணையின் கைபேசி கிணுங்கும். நான் உடுப்புக் காயப்போட முற்றத்தில் இறங்கினால் சுவரிலிருந்து அண்ணையின் குரல் வரும்.

"எங்கை போறாய்?"

"கொடிக்கு அண்ணை. உடுப்புப் போட."

"அப்பா சாப்பிட்டாரோ?"

"ஓம்."

"ஏன் ஸ்கூட்டி வெளியிலை நிக்குது?"

அவர் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. எங்களுக்கு மத்தியானம் ஆகும்போது அங்கே நடுச்சாமம். இயந்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எங்கள் கேற்றைப் பார்த்துத்தான் அவர் விழித்திருந்தார் என்று நினைக்கிறேன். அது பாசம்தான், எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் பாசத்துக்கு ஒலிபெருக்கி பூட்டினால் அது அதட்டலாகத்தான் கேட்கிறது.

"எங்கை போறாய்?" என்ற குரல் வரும்போதெல்லாம் ஹோலுக்குள் கதிரையில் இருக்கிற அப்பா நாக்கைச் சப்புக்கொட்டுவார். எங்கள் பக்கத்தில், வெளியே போக வெளிக்கிடுகிற ஆளிடம் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்பார்கள். அறியத்தான் வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்பார்கள். போகிறவர் விரும்பினால் விபரம் சொல்லலாம், இல்லையென்றால் "ஓம், கொஞ்சம்" என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கலாம். அம்மா அதைக் கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை. அப்பா அதையும் கேட்பதில்லை. அவர் எதையுமே கேட்பதில்லை. கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அந்த நாட்களில்தான் லண்டன்காரர் புதுத் தலைப்பு ஒன்று தந்தார். இன்றைய போர் விமானத்துக்கு ரேடார் பெரிதா, அகச்சிவப்புக் கண் பெரிதா? பார்ப்பவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கீழே கருத்துப் பெட்டியில் அடிபடுகிறார்களாம். சண்டை நன்றாக ஓடுகிறது, நெய் ஊற்றி எழுதித் தாருங்கள் என்றார்.

நான் சமையல் மேசையில் இருந்து எழுதினேன். ரேடார் கூப்பிட்டுத் தேடுகிற சாதி. அலையை எறியும், அது பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து எதிரி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறான் என்று சொல்லிவிடும். ஆனால் கூப்பிட்ட குரல் எதிரிக்கும் கேட்கும். திரும்பி வருகிற எதிரொலி தேய்ந்துதான் வரும். போகிற குரலோ அவ்வளவு தேயாமல் போய்ச் சேரும். அதனால் தேடுகிறவன் கண்டுபிடிக்கும் முன்பே தேடப்படுகிறவன் உசாராகிவிடலாம். இந்தக் காலத்து ரேடார்கள் குரலை மாற்றி மாற்றி, முணுமுணுத்து எல்லாம் கூப்பிடுகின்றன. என்றாலும் வாய் திறந்தது திறந்ததுதான்.

அகச்சிவப்புக் கண் வேறு சாதி. விமானி இருக்கிற கூட்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழாக இருக்கும். எதையும் எறியாது, சும்மா இருந்து சூட்டைப் பார்க்கும். ரேடாருக்குப் பிடிபடாதபடி உடம்பைச் செதுக்கிச் செய்த விமானத்துக்கும் இயந்திரம் சுடுமல்லவா, காற்றில் உரசித் தோல் சுடுமல்லவா, அது போதும். பார்க்கப்படுகிறவனுக்குத் தன்னை ஒருவன் பார்க்கிறான் என்றே தெரியாது. முகில் மறைத்தால் பிடிபடாது, ஈரக்காற்றில் பார்வை மங்கும், அது வேறு கதை. பெரிய குறை இன்னொன்று. அது திசை சொல்லும், தூரம் சொல்லாது. அந்தச் சூட்டுப் புள்ளி கிட்ட நிற்கிறதா எட்ட நிற்கிறதா என்று அதற்குத் தானாகத் தெரியாது. தூரம் வேண்டுமென்றால் தானே அங்குமிங்கும் திரும்பிப் பறந்து கோணம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் லேசர்க் கதிர் ஒன்றை எறிந்து பார்க்க வேண்டும். எறிந்தால் மௌனம் கலைந்தது.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை ரேடார், அப்பா மற்றது. இரண்டுக்கும் நடுவில் நான் பறந்துகொண்டிருக்கிறேன், ஓடுபாதையை விட்டு எழும்பாமலே. முடிவில் நல்ல விமானத்துக்கு இரண்டும் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு கட்சிக்காரரும் என்னைத் திட்டினார்கள்.

அப்பாவின் மௌனம் நேற்று வந்ததல்ல. எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் தெரியும். பொம்மர் இரைச்சல் கேட்டதும் முதலில் புகை தெரியாமல் அடுப்பை நூர்ப்பார், பிறகு எங்களைப் பங்கருக்குள் இறக்குவார். செம்மண் ஈரம் மணக்கிற அந்தக் குழிக்குள் எனக்கு அழுகை வரும். அவர் தன் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டு "சத்தம் போடாதை பிள்ளை, அவனுக்குக் கேக்கும்" என்பார். தன் இயந்திரச் சத்தத்தில் தன் மூச்சையே கேட்க முடியாத விமானிக்குக் கோப்பாயில் ஒரு குழந்தை அழுவது கேட்காது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்து என்ன, அந்தக் கை இன்னும் என் வாயில் இருப்பதாகச் சில நாட்கள் தோன்றும். இன்றைக்கும் பலாலிக்குப் பயணிகள் விமானம் இறங்கினால் அப்பா ஹோலிலிருந்து "அடுப்பை நூர் பிள்ளை" என்பார். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அரை அவியல் சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது சனம் ஏறிவருகிற பிளேன் அப்பா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அது எனக்கும் தெரியும். அடுப்பை நூர்" என்றார்.

இந்த நிலையில்தான் மட்டக்களப்பில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் மின்னணுவியலுக்குப் போதனாசிரியர் தேடியது. நான் விண்ணப்பித்தேன். அவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது, ஆனால் சில கிழமைகள் இணையவழியில் படிப்பித்துக் காட்டச் சொன்னார்கள். நேரம் மத்தியானம். விடுதி உண்டு, நிரந்தரமாகும். இந்த வயதில் எனக்கு இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டிலிருந்து படிப்பிக்க முடியாது, கமராவின் காதுக்கு எட்டிவிடும். அண்ணையிடம் சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முன்பு வவுனியாவில் ஒரு வேலை கிடைத்தபோது வெளிப்படையாகச் சொன்னேன். கனடா, ஜேர்மனி, பிரான்ஸ் என்று உறவு முழுக்க வரிசையில் நின்று தொலைபேசி எடுத்தது. "அப்பாவை ஆர் பாக்கிறது?" என்ற ஒரே கேள்வியை எல்லோரும் தங்கள் தங்கள் நேரத்தில் கேட்டார்கள். ஒருவரும் "உனக்கு விருப்பமோ?" என்று கேட்கவில்லை. அந்த வேலை அப்படியே செத்துப்போயிற்று. வாயைத் திறந்தால் இடம் தெரிந்துவிடும் என்ற பாடத்தை நான் விமானத்திடம் படிக்கவில்லை, சொந்தக்காரரிடம்தான் படித்தேன்.

அதனால் இந்த முறை மூச்சுக் காட்டவில்லை. பின்வளவு வீட்டு அக்காவிடமும் அவரது புருஷனிடமும் மட்டும் கதைத்தேன். பிள்ளைகள் கரைசேர்ந்துவிட்ட குடும்பம். நான் போய்விட்டால் இரவில் எங்கள் வீட்டில் வந்து படுக்கவும், மூன்று நேரமும் அப்பாவுக்குச் சாப்பாடு பார்க்கவும் சம்மதித்தார்கள். மருதனார்மடச் சந்தியில் ஒரு கணினி நிலையத்தில் சின்ன அறை ஒன்று பேசி வைத்தேன். மிச்சம் இருந்தது இரண்டு தடை. சுவரில் ஒரு கண், கதிரையில் இரண்டு கண்.

முதல் நாள் சேலை கட்டிச் செருப்பும் போட்டுக்கொண்டு ஹோல் வாசலில் நின்றேன். கமராவை நிமிர்ந்து பார்த்தேன். திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அப்பா கதிரையில் கண்ணை மூடியபடி இருந்தார். வகுப்புக்கு நேரம் நெருங்கிவிட்டது. வருவது வரட்டும் என்று முற்றத்தில் இறங்கி, ஸ்கூட்டியைச் சத்தமில்லாமல் கேற்றுக்கு வெளியே ஒழுங்கை வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். முதுகில் அந்தக் குரல் விழும் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

அடுத்த நாளும் விழவில்லை. பின்னேரம் பூக்கண்டுக்குத் தண்ணீர் விட இறங்கினால் மட்டும் "எங்கை போறாய்?" என்று வந்தது. மத்தியானம் மட்டும் ஏன் இல்லை? சந்தியில் உயர்ந்து நிற்கிற ஆஞ்சநேயர் சிலையைக் கடந்து போகும்போது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அது காண்டாவனக் காலம். வருடத்தின் மிக மோசமான வெயில். சுவரும் சீமெந்து முற்றமும் உடம்பளவு சுடுகின்றன. வெள்ளைக் குமிழுக்கு ஆள் எது, முற்றம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சூட்டைப் பார்க்கிற கண்ணைச் சூட்டாலேயே ஏமாற்றலாம். எனக்கு அந்த நிமிடம் வந்த சந்தோசத்தை எழுத முடியாது. இவ்வளவு நாளும் என்னைக் கட்டிப்போட்ட சாமானைப் பௌதிகவியலால் வென்றுவிட்டேன். அடுத்த காணொளியில் இதையே ஒரு உதாரணமாகச் சேர்த்தும் விட்டேன்.

பிறகு ஒருநாள் மழை இருட்டியது. காற்றுக் குளிர்ந்து, முற்றமும் ஆறிப்போனது. என் கணக்குப்படி அன்றைக்குக் கமரா என்னைப் பிடித்திருக்க வேண்டும். இறங்கிப் போனேன், குரல் வரவில்லை. ஈரப்பதனாக இருக்கும் என்று முடிவு செய்தேன். மாணவர் யாராவது இப்படிப் பதில் எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் கீறியிருப்பேன்.

கடைசிக் கிழமை ஒரு பின்னேரம் அண்ணை தொலைபேசியில் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மத்தியானத்திலை ஒவ்வொரு நாளும் கமரா நிண்டு போகுது" என்றார் அண்ணை. "இன்ரநெற் பிழை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன். என்ன நடக்குது அங்கை?"

கமரா நின்றுபோகிறதா? வெயிலில் குருடானால் ஆளைத் தெரியாது, ஆனால் கமரா நிற்காதே. நான் வாய் திறக்கும் முன்னால் கதிரையிலிருந்து குரல் வந்தது.

"கறண்ட் நிக்கிறது தம்பி" என்றார் அப்பா. "இப்ப கொஞ்ச நாளா மத்தியானத்திலை உப்பிடித்தான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ நாளாக எங்கள் வீட்டில் கறண்ட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அண்ணை தொலைபேசியை வைத்த பிறகு நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கதிரைக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், கமராவுக்கான பிளக்கும் சுவிச்சும் இருக்கின்றன. வெள்ளைச் சுவிச்சைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகத் தேய்த்த அடையாளங்கள். அவருடைய பொல்லின் அடியில் கறுப்பு றப்பர் கட்டை பூட்டியிருக்கிறது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முதலில் வெட்கத்தில், என் காண்டாவனக் கொள்கைக்காக. பிறகு கோபத்தில். முதல் நாள் நான் வாசலில் நின்று திரும்பிப் போனதை அவர் மூடிய கண்ணால் பார்த்திருக்கிறார். எனக்கு ஒளிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, கேட்காமலே பொல்லை நீட்டிச் சுவிச்சை நிற்பாட்டியிருக்கிறார். அது என்னவென்று ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் தெரியாது. நான் ஒரு திசையில் போகிறேன் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது. மருதனார்மடச் சந்தைக்கா, ஒரு மனிதரைப் பார்க்கவா, திரும்பி வராத இடத்துக்கா என்று தெரியாமல் ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார். அது பங்கருக்குள் இருப்பதுதான். இந்த முறை அவருடைய வாயை அவரே பொத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மட்டக்களப்புக்கு முடிவு சொல்ல வேண்டும். வருகிறேன் என்றால் திங்கட்கிழமை அங்கே நிற்க வேண்டும். வியாழன் முழுக்க அப்பாவுக்கு முன்னால் நாலைந்து தரம் போய் நின்றேன். தேத்தண்ணி வேணுமோ, காற்றாடி கூடவோ என்று எதையோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு விமானங்களும் ரேடாரை நிற்பாட்டிவிட்டு இருட்டில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று முன்பு ஒரு காணொளியில் எழுதியிருக்கிறேன். மிகவும் விறுவிறுப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அப்படி ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரித்தான் இருக்கும்.

வெள்ளி மத்தியானம் கடைசி வகுப்பு. அதே சேலை, அதே செருப்பு. ஹோல் வாசலுக்கு வந்தேன். அப்பா அன்றைக்குக் கண்ணை மூடியிருக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கவே பொல்லைத் தூக்கினார். முதல் தடவை சுவரில் பட்டது. இரண்டாம் தடவை சுவிச்சில் அமர்த்தினார். பொல்லை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூரமோ?" என்றார்.

அம்மா போன பிறகு அந்தச் சொல்லை அந்த வீட்டில் நான் கேட்கவில்லை. ஓம், கொஞ்சம் என்று சொல்லிவிட்டு இறங்கலாம். வழக்கம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அவர் வாய் திறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கத் திறக்காத மனிதர்.

"ஓம் அப்பா" என்றேன். "கனதூரம். மட்டக்களப்பு. படிப்பிக்கிற வேலை."

அவர் கேற்றைப் பார்த்தார்.

"எப்ப?"

"ஞாயிறு வெளிக்கிடோணும். நீங்கள் வேண்டாம் எண்டால்..."

"பஸ் இருட்ட முன்னம் போய்ச் சேருமோ?"

"சேரும் அப்பா."

"அப்ப சரி" என்றார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை. பிறகு பொல்லால் சுவிச்சைக் காட்டினார். "உதைப் போட்டு விடு பிள்ளை. இனி ஒளிக்கத் தேவையில்லை."

நான் சுவிச்சைப் போட்டேன். என் விரலிலும் கறுப்பு ஒட்டியது. விறாந்தையைக் கடந்து முற்றத்தில் இறங்கி ஸ்கூட்டியில் கை வைத்தபோது சுவர் உயிர்த்தது. வெள்ளைக் குமிழ் அந்தக் கொதிக்கிற வெயிலிலும் என்னைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது.

"எங்கை போறாய்?" என்றார் அண்ணை.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பொல்லை ஊன்றிக் கதிரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து விறாந்தைக்கு வந்து, கமரா தன்னைப் பார்க்கிற இடத்தில் நின்றார்.

"வெளிக்கிடுற பிள்ளையிட்டை அப்பிடிக் கேக்கிறேல்லைத் தம்பி" என்றார். "அவள் தூரம் போறாள். இனி நீ என்னோடை கதை."

நான் ஸ்கூட்டியை ஒழுங்கைக்கு உருட்டிக்கொண்டு போகவில்லை. முற்றத்திலேயே ஸ்ராட் பண்ணினேன்.